ஒழுகாத வளையம்

"இளம் ஆய்வாளர்களின் கனவுகளுக்குச் சிறகு பூட்டுபவர். நீர்ப்பிளப்பு வினையூக்கிப் பிரிவின் புன்னகை முகம். எதிலும் நல்லதையே காண்பவர்."

ஆய்வு நிறுவனத்தின் ஆண்டு மலரில் அண்ணியின் படத்துக்குக் கீழே இப்படித்தான் அச்சாகியிருக்கிறது. படத்தில் அவர் சிரிக்கவும் செய்கிறார். படமெடுக்க வந்தவரின் லென்ஸில் தூசி இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்ன கணத்தில் பிடித்த படம் அது. வேறெந்தக் கணத்திலும் அப்படியொரு சிரிப்பு அகப்பட்டிருக்காது. சிறகு விஷயமும் அப்படித்தான். யாராவது சிறகோடு வந்து நின்றால், அது முளைத்ததா ஒட்டவைத்ததா என்று இழுத்துப் பார்ப்பவர் அண்ணி.

காலையில் ஆய்வுக்கூடத்தின் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. "கழுவினியா?" என்பார். கேள்வி யாருக்கென்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாராவது ஒருவர், "கழுவிட்டேன் மேடம்" என்று சொல்லிவிடுவார். "எதுல?" "தண்ணியில." "எந்தத் தண்ணியில?" பதில் சொன்னவரின் காபி ஆறிப் போகும்வரை விசாரணை நடக்கும்.

அவரை அண்ணி என்று அழைக்கும் உரிமை அந்தக் கூடத்தில் ஒருத்திக்குத்தான் உண்டு. அவருடைய தம்பி மனைவிக்கு. அவளுக்கும் அங்கேதான் வேலை, அதே மேசையின் மறுமுனையில். நாத்தனாரிடம் வீட்டில் மட்டும் பேச்சு வாங்கும் பெண்கள் கொடுத்துவைத்தவர்கள் என்பது அவளுடைய தீர்மானமான கருத்து. மற்றவர்கள் அண்ணிக்கு வைத்திருக்கும் பெயர் 'மேல்கோர்ட்'.

பெயர் சும்மா வரவில்லை. வெயிலை வாங்கித் தண்ணீரைப் பிளப்பது இலைக்குக் கைவந்த வேலை. அதையே மனிதர்கள் செய்து, பிரிந்து வரும் ஹைட்ரஜனை எரிபொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்தப் பிரிவின் பிழைப்பு. ஆனால் தண்ணீர் லேசில் பிரியாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அப்படியொரு ஒற்றுமையான தம்பதி. அவர்களுக்கு விவாகரத்து வாங்கிக் கொடுக்க ஒரு வக்கீல் வேண்டும். நடுவில் ஓர் உலோக அணுவை உட்கார வைத்து, சுற்றிலும் கரியும் நைட்ரஜனுமாகச் சுவர் எழுப்பிக் கட்டிய மூலக்கூறுதான் அந்த வக்கீல். ஒரு வழக்கு முடிந்ததும் கோட்டு கசங்காமல் அடுத்த வழக்குக்குப் போக வேண்டும். போனால்தான் அதற்கு வினையூக்கி என்று பெயர்.

தம்பி மனைவி கட்டுவது இந்த வக்கீல்களை. அண்ணியின் வேலை, அந்த வக்கீல் உண்மையிலேயே வாதாடினாரா என்று பார்ப்பது.

இதென்ன கேள்வி, குமிழி வந்தால் வாதாடினார் என்றுதானே அர்த்தம் என்று தோன்றும். அங்கேதான் தில்லுமுல்லு. பல மூலக்கூறுகள் முதல் வாய்தாவிலேயே உயிரை விட்டுவிடும். அவற்றின் நடுவில் இருந்த உலோகம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய துருவாகத் தகட்டின்மேல் படிந்துகொள்ளும். அந்தத் துருவும் தண்ணீரைப் பிளக்கும். வக்கீல் செத்துப்போய் அவருடைய குமாஸ்தா கோட்டு மாட்டிக்கொண்டு வாதாடுகிற கதை. குமிழி அதேபோலத்தான் வரும். கட்டியவர் தன் மூலக்கூறு வேலை செய்கிறது என்று இனிப்பு வாங்கக் கிளம்பிவிடுவார்.

அண்ணி விடமாட்டார். குமிழி வந்த தகட்டைக் கழற்றுவார். கழுவுவார். குடுவையைக் கழுவுவார். மூலக்கூறே இல்லாத வெறும் கரைசலை ஊற்றி, அதே தகட்டைப் பொருத்தி, வெயிலுக்குப் பதிலான பெரிய விளக்கைப் போடுவார். இப்போது குமிழி வரவில்லை என்றால் வக்கீல் நிஜம். வந்தால், கழுவியும் போகாமல் தகட்டில் ஒட்டியிருக்கும் குமாஸ்தா. "உன் ஆளு செத்து ரொம்ப நேரமாச்சு" என்று அண்ணி தீர்ப்புச் சொல்வார். மேல்முறையீடு கிடையாது.

கழுவும் வேலையை அவர் யார் கையிலும் கொடுத்ததில்லை. குடுவையும் அவருடையது. அதன் அடியில் நாணய அகலத்துக்கு ஓர் ஓட்டை. ஓட்டையை மூடியபடி தகடு. இரண்டுக்கும் நடுவில், ஒழுகாமலிருக்க, ஒரு ரப்பர் வளையம். வருஷக்கணக்காக அதே வளையம்தான். நிறுவனம் வாங்கிப்போடும் புது வளையங்கள் எல்லாம் ஒழுகுகிற ஜாதி. இது ஒரு சொட்டு விட்டதில்லை. வேலை முடிந்ததும் அதைத் துடைத்து, பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் படுக்க வைப்பார். "இந்தக் கூடத்துல நான் நம்பற ஒரே ஆளு இதுதான்" என்பார். பக்கத்தில் நிற்கும் தம்பி மனைவியைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

வெளியுலகத்திலும் அண்ணிக்கு இதே தொழில்தான். துணிக்கடையில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்பார். குடிக்க என்று நினைத்துக் கொடுத்தால், துணியின் ஓரத்தை அதில் நனைத்துச் சாயம் போகிறதா என்று பார்ப்பார். தொலைபேசியில் செய்தி அனுப்பிவிட்டு, செய்தி வந்ததா என்று கேட்கத் தொலைபேசியில் கூப்பிடுவார். தம்பிக்குப் பெண் பார்த்தபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "இந்தப் பொண்ணு எப்பவுமே இப்படித்தான் சிரிக்குமா, இன்னைக்கு மட்டுமா?" அந்தப் பெண் அன்றோடு சிரிப்பதைக் குறைத்துக்கொண்டாள்.

தம்பி பல் மருத்துவர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்பவர், வீட்டில் தன் வாயைத் திறப்பதில்லை. அக்கா மேல் மாடியில் தனியாக இருக்கிறார், ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கீழே வருவார். சாப்பாடு எப்படி என்று கேட்டால், "இன்னும் தப்பு கண்டுபிடிக்கலை" என்பார். அவருடைய அகராதியில் அதற்கு மேல் பாராட்டு இல்லை. அதுவும் ஆய்வுக்கூடத்தில் சமீப வருஷங்களாகக் கேட்கக் கிடைக்கவில்லை. முன்பெல்லாம் எப்போதாவது ஒரு மூலக்கூறு தேறும். இப்போது வருவதெல்லாம் குமாஸ்தா. "இப்பல்லாம் யாருக்கு ஒழுங்கா கட்டத் தெரியுது?" என்று அண்ணி அதற்கு விளக்கமும் வைத்திருந்தார். கட்டத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் ஒவ்வொருவராக இடத்தைக் காலி செய்தார்கள். ஒருவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்தார். ஒருத்தி பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தரப் போனாள்.

இந்த வரிசையில்தான் தம்பி மனைவியின் ஊதா மூலக்கூறு வந்து நின்றது.

நடுவில் கோபால்ட். சுற்றிலும் வளைத்து வளைத்துக் கட்டிய கூண்டு. இரண்டு வருஷ உழைப்பு. முதல் நாள் குமிழி வந்தபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணி கழுவட்டும், அப்புறம் சொல்லலாம் என்று இருந்தாள். அவள் அவசரப்பட முடியாத நிலைமையும் இருந்தது. பிரிவைப் பார்வையிட ஒரு குழு வரப்போகிறது. காட்டுவதற்கு ஒரு மூலக்கூறாவது இருந்தால் கட்டுகிறவளின் பதவி நீடிக்கும். இல்லாவிட்டால், கட்டுவதற்கு ஆள் எதற்கு என்று அதை எடுத்துவிடுவார்கள். "நம்ம கிளினிக்குல டோக்கன் குடுக்கலாம், வா" என்று கணவர் ஆறுதலாகச் சொன்னார். அன்று அவருடைய பற்கள் தப்பியது பெரிய விஷயம்.

குழு வருவதற்கு முந்தின நாள் அண்ணி தகட்டைக் கழற்றினார். கழுவினார். வெறும் கரைசலை ஊற்றினார். விளக்கைப் போட்டார்.

குமிழி வந்தது.

"உன் ஆளு..." என்று தொடங்கினார் அண்ணி.

"சாகலை!" என்றாள் தம்பி மனைவி. கூடமே திரும்பிப் பார்த்தது. "வெளியே ஊத்தின கரைசலோட கலரைப் பாருங்க அண்ணி. அதே ஊதா. செத்திருந்தா வெளுத்திருக்கணும் இல்ல?"

"நூத்துல ஒண்ணு செத்தாலே இவ்வளவு குமிழி வரும். மீதி தொண்ணூத்தொம்போதும் ஊதாவா நின்னு வேடிக்கை பாக்கும்."

"அளந்தும் பாத்துட்டேன். ஒண்ணுகூட குறையலை."

"பின்ன குமிழி என்ன வானத்துலேருந்து வருதா?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க எதையாவது ஒண்ணைத் தேற விட்டிருக்கீங்களா? கடைசியா எப்ப விட்டீங்க, சொல்லுங்க?"

"தேறினா விடமாட்டேனா? எனக்கு என்ன வேண்டுதலா?"

"வேண்டுதல்தான்னு எல்லாரும் பேசிக்கறாங்க!"

அண்ணி குடுவையைக் கழற்றினார். வளையத்தைத் துடைத்து டப்பாவில் படுக்க வைத்தார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நாத்தனார் உடைப்பதற்கு மட்டும் பழமொழி இல்லையே என்று தம்பி மனைவி கைகழுவும் தொட்டியருகே நின்று யோசித்தாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுதாள். இல்லாவிட்டால் அந்தக் கண்ணீரையும் எதிலிருந்து வருகிறது என்று சோதித்துப் பார்த்திருப்பார்.

வீட்டில் அன்று சமையல் பாத்திரங்களின் சத்தத்தில் நடந்தது. மாதத்தில் ஒருநாள் பல் மருத்துவர் தனக்குத் தானே இனிப்புக்கு அனுமதி கொடுத்துக்கொள்வார். அந்த நாள் பார்த்து அதுவும் வந்து தொலைந்தது. அரிசியும் பாலும் போட்டுக் குக்கரில் வைத்தாள். மூவரும் உட்கார்ந்தார்கள். மருத்துவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். வைத்திருக்கக் கூடாத வாய்.

"லேசா பூண்டு வாசனை அடிக்குதே?"

அண்ணி தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "கழுவினியா?"

தம்பி மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். வைத்தாள் என்பது நாகரிகமான வார்த்தை.

"கழுவினேன். சோப்பு போட்டுக் கழுவினேன், வெந்நீர் ஊத்திக் கழுவினேன், எலுமிச்சம்பழம் தேய்ச்சுக் கழுவினேன். இந்தாங்க, மோந்து பாருங்க குக்கரை. இந்தாங்க மூடி. அடிக்குதா?"

அண்ணி முகர்ந்து பார்த்தார். ஒரு விஷயத்தை முகர்ந்து பார் என்று யாராவது சொன்னால் அவர் கோபத்திலும் முகர்ந்து பார்ப்பார். "அடிக்கலை" என்றார். "அப்ப எங்கேருந்து வருது?"

"வளையத்துலேருந்து! ரப்பர் குடிச்சு வெச்சுக்கும் அண்ணி. நேத்து வெச்ச பூண்டை இன்னைக்குப் பாலுல கக்கும். மேல மேல கழுவினா போயிடுமா? உள்ள இல்ல உக்காந்திருக்கு! குக்கர் வெக்கற யாரை வேணா கேளுங்க. ஆனா நீங்க என்னைத்தான் கேப்பீங்க, கழுவினியா, கழுவினியான்னு..."

அண்ணி மூடியிலிருந்து வளையத்தை உருவினார். முகர்ந்தார். திருப்பிப் போட்டு முகர்ந்தார். பிறகு அதை ஒரு பையில் போட்டுக்கொண்டு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

"அக்கா, சாப்பாடு?" என்று தம்பி வாயைத் திறந்தார்.

மாடிக் கதவு சாத்திக்கொண்டது.

"பாத்தீங்களா உங்க அக்காவை? குக்கர் வளையத்தையும் தூக்கிட்டுப் போயிட்டாங்க. காலையில நான் எதுல சமைக்கறது? இது வீடா, ஆஸ்பத்திரியா, போலீஸ் ஸ்டேஷனா?" மருத்துவர் பூண்டு வாசனையோடு முழு இனிப்பையும் சாப்பிட்டு முடித்தார். அந்தச் சூழ்நிலையில் வேறு பாதுகாப்பான காரியம் தென்படவில்லை.

மறுநாள் காலை தம்பி மனைவி உள்ளே நுழைந்தபோது "கழுவினியா?" என்ற குரல் கேட்கவில்லை. அண்ணி முன்பே வந்திருந்தார். பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேசைமேல் ஒரு வெள்ளைத் தாளில், ஏதோ கொலை ஆயுதம்போல, குக்கர் வளையம் கிடந்தது.

"ஏம்மா, இங்க வா. இந்தத் தகடு இப்பத்தான் பெட்டியிலேருந்து எடுத்தது. எந்த மூலக்கூறும் இது மேல பட்டதில்ல. நீயே பெட்டியைப் பாத்துக்கோ."

"சரி."

"குடுவையை அமிலம் ஊத்திக் கழுவிட்டேன். உள்ள இருக்கறது வெறும் கரைசல். வளையம் மட்டும் என்னோட பழசு. இதுல உன்னோட ஆளு யாராவது இருக்கானா?"

"இல்ல."

"அப்ப இது என்ன?"

தம்பி மனைவி குனிந்து பார்த்தாள். தகட்டின்மேல் வரிசையாகக் குமிழிகள் முளைத்து, ஒவ்வொன்றாகக் கழன்று மேலே போய்க்கொண்டிருந்தன. யாரும் கட்டாத, யாருக்கும் சொந்தமில்லாத குமிழிகள். அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.

வருஷக்கணக்காக அந்தக் குடுவைக்குள் போய்வந்த கோபால்ட் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளையம் குடித்து வைத்திருந்திருக்கிறது. அண்ணி தகட்டைக் கழுவினார், குடுவையைக் கழுவினார், வளையத்தின் மேற்புறத்தைக் கழுவினார். வெறும் கரைசல் வந்ததும் அது கக்கியது. கக்கியது போய்த் தகட்டில் படிந்தது, குமிழி வந்தது, தீர்ப்பு எழுதப்பட்டது. வளையம் வாங்கிய புதிதில் அண்ணி வெறும் தகடு வைத்துச் சோதித்துப் பார்த்ததுண்டு. அன்று அது சுத்தம். அன்றோடு அதை நம்பிவிட்டார்.

"நாலு வருஷமா ஒண்ணுகூட தேறலை" என்றார் அண்ணி. "எனக்கு அப்பவே உறைச்சிருக்கணும்."

பிரிவின் தலைவர் பளபளக்கும் காலணியில் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார்.

"மேடம், குழு வாசல்ல நிக்குது. அவங்க போனப்புறம் இதை நிதானமா பேசிக்கலாம்."

"அவங்க இருக்கறப்பவே சொல்லிட்டா ஒரு தடவை சொன்னா போதும் சார்."

"இத்தனை வருஷமா நாம தப்பாப் பாத்தோம்னு ஆயிடாதா?"

"ஆயிடாதா என்ன? ஆயிடுச்சு."

தலைவர் தம்பி மனைவியைப் பார்த்தார். "உங்க நாத்தனார்தானே, நீங்களாவது சொல்லக் கூடாதா?" அவள் அவரைப் பார்த்த பார்வையில், குடும்பம் என்றால் என்னவென்றே தெரியாத மனிதராக இருக்கிறீர்களே என்ற வியப்பு இருந்தது.

குழுவில் மூன்று பேர். தலைவர் ஆண்டு மலரைப் பிரித்து, சிறகு, புன்னகை, நல்லதையே காண்பது எல்லாவற்றையும் வாசித்து அண்ணியை அறிமுகம் செய்தார். அண்ணி வளையத்தை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்து, "இது என்னுடையது. நான்கு ஆண்டுகளாக நான் சொன்ன முடிவுகள் இதனால் கெட்டிருக்கின்றன" என்று மேடைத் தமிழில் ஆரம்பித்து, எப்படிக் கெட்டன என்று குமிழியோடு காட்டி முடித்தார். தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்படின்னா இப்ப வெச்சிருக்கற இந்த ஊதா?" என்று குழுவில் வயதானவர் கேட்டார்.

"இனிமேதான் பாக்கணும்" என்றார் அண்ணி.

புது வளையம் பொருத்தினார்கள். எதிர்பார்த்தபடியே ஒழுகியது. அந்த முதியவரின் காலணிமேல் ஒரு சொட்டு விழுந்தது. தம்பி மனைவி ஒரு விரலைக் குடுவையின் அடியில் கொடுத்து அடைத்துக்கொண்டாள். ஊதா மூலக்கூறைப் போட்டு விளக்கேற்றிக் குமிழியைப் பார்த்தார்கள். பிறகு தகட்டைக் கழற்ற வேண்டும், கழுவ வேண்டும்.

அண்ணி கழுவும் புட்டியை எடுத்தார். ஒரு கணம் அதைப் பார்த்தார். தம்பி மனைவியிடம் நீட்டினார்.

"நீ கழுவு."

"நானா?"

"நான் பாக்கறேன்."

அவள் கழுவினாள். அண்ணி வழக்கமாகக் கழுவுவதைவிட இரண்டு மடங்கு நேரம் கழுவினாள். முப்பது தடவை "இன்னும், இன்னும்" என்று பக்கத்திலிருந்து குரல் வந்துகொண்டிருந்ததும் அதற்குக் காரணம். வெறும் கரைசல் ஊற்றினார்கள். விரலை மறுபடி அடியில் கொடுத்தாள். விளக்குப் போட்டார்கள்.

தகடு சும்மா இருந்தது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். அப்புறமும் சும்மாவே இருந்தது. மின்னோட்டம் காட்டும் மீட்டரின் எண் அசையவில்லை.

"தேறிடுச்சா?" என்று முதியவர் கேட்டார்.

அண்ணி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். "இன்னும் தப்பு கண்டுபிடிக்கலை" என்றார்.

முதியவர் முகம் சுருங்கியது. தலைவர் பாய்ந்து வந்து, அண்ணியின் மொழியில் அது தங்கப் பதக்கம் என்று மொழிபெயர்த்தார். முதியவர் தம்பி மனைவியிடம், அடுத்த ஆண்டு இதை எதில் பொருத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். அடுத்த ஆண்டு என்ற சொல்லை அவள் விரலில் நீர் வழிய வழியக் கேட்டுக்கொண்டாள்.

குழு போயிற்று. இனிமேலாவது ஒரு நல்ல வார்த்தை வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"விரலை எடுக்காதே, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணி தொலைபேசியோடு ஜன்னலருகே போய் உட்கார்ந்தார்.

"யாரு, கண்ணாடிக்கடையா? நான்தான் மேல்கோர்ட் பேசறேன். ஆமா, எனக்குத் தெரியும் அந்தப் பேரு. உன்னோட பச்சை மூலக்கூறு ஞாபகம் இருக்கா? இல்ல, விளையாடலை. வெச்சுடாதே, கேளு. அது செத்துதுன்னு சொன்னேன் இல்ல, அது என்னோட வளையத்தால இருக்கலாம். திரும்பப் பாக்கணும். ஆமா, நான்தான் சொல்றேன். கொஞ்சம் மிச்சம் வெச்சிருக்கியா?"

மறுமுனையில் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. அண்ணி நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி", "திட்டு, பரவாயில்ல" என்று நடுவில் சொன்னார். பிறகு வைத்தார். அடுத்த எண்ணைத் தேடினார்.

"அண்ணி, விரல் மரத்துப் போச்சு."

"இன்னொரு விரலை வை."

அன்று பகல் முழுவதும் அண்ணி ஜன்னலருகே உட்கார்ந்து, தான் தள்ளிய மூலக்கூறுகளைக் கட்டியவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தவறு தன்னுடையதாக இருக்கலாம் என்று சொன்னார்.